உறைக்குள் உறங்கும் கணனி

முல்லைத்தீவில் நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், தண்ணீரூற்று. வவுனியாவில் பட்டானிச்சூர், சாலம்பைக்குளம், சூடுவெந்தபுலவு. இந்த ஊர்களில் பல வீடுகளின் முன் அறை மூலையில், பூப்போட்ட துணியால் மூடிய சதுரமான உருவம் ஒன்று இருக்கும். தொலைக்காட்சிப் பெட்டியாக்கும் என்று துணியை விலக்கினால், அது கணனி! சவூதியில் இருந்த நானா அனுப்பியதாக இருக்கும். யாரோ பாவித்துவிட்டு விற்றதை வாங்கியதாக இருக்கும். புத்தளத்தில் இருந்த காலத்தில் கடன்பட்டு வாங்கி, ஊர் திரும்பும்போது பாய் தலையணையோடு லொறியில் ஏற்றி வந்ததாகவும் இருக்கும். "வேலை செய்யுதா?" என்று கேட்டால், "அது செத்துப் போய் எவ்வளவு காலம்!" என்று பதில் வரும்.

அன்புச் சகோதரிகளே! பெரும்பாலும் அது சாகவில்லை. தூசி அடைத்து, பற்றரி இறங்கி, உறங்கிக் கிடக்கிறது. அவ்வளவுதான்.

எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று கிடந்தது. 2022ஆம் ஆண்டு நடுப்பகுதி. மகள் க.பொ.த. சாதாரண தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தை ஒரு பாடமாக எடுத்திருந்தாள். புதிதாக வாங்குவோம் என்று விலை கேட்டால் தலை சுற்றியது. அந்த வருடத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டிருந்தது. இறக்குமதிப் பொருள் எதையும் கிட்டப்போய்ப் பார்க்கவே பயம். சரி, பழையதையே திருத்துவோம் என்று முச்சக்கர வண்டியில் ஏற்றி நகரத்துக் கடையொன்றுக்குக் கொண்டு போனோம். மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, "மதர்போட் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்றார்கள். சொன்ன தொகை எங்களால் முடியாதது. திருப்பிக் கொண்டு வந்து மூலையில் வைத்து, மறுபடி துணியைப் போர்த்தினேன்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். (யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக இருந்ததுதான் 2021 ஆகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகம் ஆனது.) விடுமுறைக்கு வந்தவன் ஓர் அஸருக்குப் பின் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "மாமி, அழிறப்பர் ஒன்று தாங்க" என்றான்.

"என்ன மகன், விளையாடுறீங்களா?"

"இல்ல மாமி, உண்மையாத்தான். அப்படியே மணிக்கூட்டுப் பற்றரி ஒன்றும் கடையில வாங்கி வரச் சொல்லுங்க."

அரை மணி நேரம். மஃரிபுக்கு முன் கணனி எழுந்துவிட்டது! மதர்போட்டுக்கு ஒன்றுமே ஆகியிருக்கவில்லை. அவன் செய்ததையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தேன். தையல் மெஷினின் பொபின் கேஸைக் கழற்றி, நூல் தும்பை எடுத்து, எண்ணெய் விட்டுத் திரும்பப் பூட்டத் தெரிந்த கைக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கணனியை நானே பார்த்துக் கொள்கிறேன். உறவினர் வீடுகளில் இரண்டு மூன்றையும் எழுப்பிவிட்டேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மின்சாரம்

மின்சாரம் என்பது வன்னிக்கு லேசாகக் கிடைத்த பொருள் அல்ல. 1990 ஒக்டோபரில் நம் மக்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கிய அதே வருடங்களில், வன்னிக்குள் எஞ்சியிருந்த தமிழ்ச் சகோதரர்களுக்கு மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெய்யும் தட்டுப்பாடு. டோர்ச் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பெரும்பகுதிக்கு மின்கம்பங்கள் ஒழுங்காக வந்து சேர்ந்தது 2009இல் போர் முடிந்த பிறகே. நாம் திரும்பி வந்து வீடு கட்டியதும் அதற்குப் பிறகுதான். ஆகவே நம் வீடுகளில் வயரிங் ஓரளவு புதிது, கணனிதான் பழையது.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கணனி என்றால் செருகும் முன் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். மின் வயர் செருகும் இடத்தின் அருகே சிறிய சிவப்புச் சுவிட்ச் ஒன்று இருக்கலாம். அதில் 115 அல்லது 230 என்று எழுதியிருக்கும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். சவூதியில் நெடுங்காலம் 127, 220 என்று இரண்டு வகை மின்சாரமும் வீடுகளில் இருந்தது. கனடாவில் 120. அங்கே பாவித்த கணனியின் சுவிட்ச் 115இல் இருக்க, இங்கே கொண்டு வந்து அப்படியே செருகினால், 'படார்' என்ற சத்தத்தோடு மின் வழங்கிப் பெட்டி வெடித்துவிடும். மொழுமொழுவென்று புகை வரும். ஒரு திருப்புளி நுனியால் அந்தச் சுவிட்சை 230க்குத் தள்ளிவிட்டால் போதும். சில பெட்டிகளில் சுவிட்சே இருக்காது. '100–240' என்று அச்சிட்டிருந்தால் அது தானாகவே சமாளித்துக் கொள்ளும்.

எந்த விளக்கும் எரியவில்லை, மின்விசிறிச் சத்தமும் இல்லை என்றால் பதற வேண்டாம். சுவர்ப் பிளக்கில் மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். மொனிட்டருக்குப் போகும் வயரும் கணனிப் பெட்டிக்குப் போகும் வயரும் பெரும்பாலும் ஒரே வகைதான். இரண்டையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். பெட்டியின் பின்னால் வட்டமும் கோடும் போட்ட சுவிட்ச் இருந்தால், கோட்டுப் பக்கம் அழுத்தியிருக்க வேண்டும். வீடு கூட்டும்போது விளக்குமாறு பட்டு அது அணைந்து போன கதைகள் எத்தனையோ!

நிறத்தைப் பார்த்துப் பூட்டுங்கள்

பின்பக்கத்து ஓட்டைகளைக் கண்டு மிரள்கிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 1999இல் மைக்ரோசொஃப்ட், இன்டெல் நிறுவனங்கள் வெளியிட்ட வழிகாட்டியின்படி ஒவ்வொரு துளைக்கும் ஒரு நிறம் வந்தது. ஊதா விசைப்பலகைக்கு, பச்சை மவுஸுக்கு, நீலம் மொனிட்டருக்கு. ஒலி வரும் பக்கத்தில் இளம்பச்சை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு. பிளக்கின் நிறமும் துளையின் நிறமும் ஒன்றாக இருந்தால் பூட்டுங்கள். ஊதா, பச்சை உருண்டைப் பிளக்குகளை மட்டும் கணனி அணைந்திருக்கும்போதுதான் கழற்றவும் பூட்டவும் வேண்டும். முள் வளைந்துவிட்டால் திருத்துவது பெரும்பாடு. ஆகவே திருகாமல், அம்புக்குறியைப் பார்த்து நேராகச் செருகுங்கள்.

நீலத் துளை இரண்டு இருந்தால்? ஒன்று மதர்போட்டோடு சேர்ந்தது, மற்றது தனியாகப் பொருத்திய படக் கார்ட்டினுடையது. அநேகமாகக் கார்ட்டில்தான் படம் வரும். 'கணனி ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு' என்ற முறைப்பாட்டில் பாதி இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

திறந்து பார்க்கலாமா?

கணனிப் பெட்டியைத் தாராளமாகத் திறக்கலாம். ஆனால் இரண்டு பொருட்களை வீட்டில் எவரும் திறக்கவே கூடாது. ஒன்று, பின்பக்கம் புடைத்த பழைய கண்ணாடிக் குழாய் மொனிட்டர். அதற்குள் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் உருவாகும். பிளக்கைக் கழற்றிய பின்னும் அது உள்ளே தங்கியிருக்கும். மற்றது, பெட்டிக்குள் இருக்கும் மின் வழங்கி. அது பழுதென்றால் முழுதாகக் கழற்றி வேறொன்று பூட்டுவதே முறை.

மின் வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். பிறகு பெட்டியின் சுவிட்சை ஒருமுறை அழுத்துங்கள். எஞ்சிய மின்சாரம் வடிந்துவிடும். வளையல், மோதிரங்களைக் கழற்றி வையுங்கள். முந்தானை, துப்பட்டா நுனிகளைச் செருகிக் கொள்ளுங்கள். உடம்பில் தேங்கிய மின்னேற்றம் போக, பெட்டியின் வெறும் இரும்புப் பகுதியை ஒரு தடவை தொடுங்கள். பக்கத் தகட்டில் இரண்டு மூன்று ஸ்க்ரூதான்.

திறந்ததும் நீங்கள் காண்பது வன்னி மண்! சோளகக் காற்றுக் காலத்தில் கிரவல் வீதிப் புழுதி இதற்குள் எப்படி இவ்வளவு வந்தது என்று திகைத்துப் போவீர்கள். நடுவில் இருக்கும் சின்ன மின்விசிறிக்கும் அதன் கீழுள்ள அலுமினியத் தகடுகளுக்கும் இடையில் தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். 'பத்து நிமிடம் ஓடும், பிறகு தானாக நின்றுவிடும்' என்பதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்தக் கம்பளிதான். சூடு வெளியேற வழி இல்லாமல், எரிந்துபோகாமல் இருக்கத் தன்னைத் தானே அணைத்துக் கொள்கிறது. அதைக் குறை சொல்வோமா?

மெல்லிய பெயின்ட் தூரிகையால் தூசியைத் தட்டி, சைக்கிள் பம்மால் ஊதி வெளியேற்றுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் படும். ஊதும்போது விசிறி சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக் கொள்ளுங்கள். ஈரத்துணி உள்ளே ஆகவே ஆகாது. பின்பக்கத்தில் கார்ட் இல்லாத வெற்று இடுக்கு இருந்தால் தகடு போட்டு மூடுங்கள். பல்லியும் சிவத்த எறும்பும் இளஞ்சூடான இடம் தேடி அந்த வழியாகத்தான் வருகின்றன. காற்றுத் துளைகளை மட்டும் மூடிவிடாதீர்கள். அந்தப் பூப்போட்ட துணியையும் ஓடும்போது போர்த்த வேண்டாம்.

மதர்போட்டில் நிற்கும் சிறிய உருளைகளின் தலையைக் கவனியுங்கள். தட்டையாக இருக்க வேண்டும். பொங்கிய அப்பம்போல் உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதுதான் உண்மையான மதர்போட் பழுது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய வருடங்களில் வந்த கணனிகளில் இந்தக் குறை உலகம் முழுக்க இருந்தது. அப்படியானால் கடைக்காரர் சொல்வதை நம்பலாம்.

அழிறப்பரும் மணிக்கூட்டுப் பற்றரியும்

இனி அந்தப் பிள்ளை கேட்ட இரண்டு பொருட்களுக்கு வருவோம். மதர்போட்டில் நெட்டையாக, இரு முனையிலும் கொக்கியோடு நிற்கும் பச்சைத் தகடுதான் ரேம் என்னும் நினைவகம். சுவிட்ச் போட்டதும் 'பீப்... பீப்...' என்று ஓயாமல் கத்தி, திரையில் ஒன்றும் வராவிட்டால் அதிகமாகச் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மாரி ஈரத்தால் அதன் பொன்னிறப் பற்களில் மங்கல் படிந்துவிடும். இரு கொக்கிகளையும் வெளிப்பக்கம் தள்ளினால் தகடு மேலே வரும். பற்களைப் பென்சில் அழிறப்பரால் மெல்லத் தேயுங்கள், துகள்களை உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள், விரல் படாமல் பிடியுங்கள். அடியில் ஒரு வெட்டு இருக்கும். அது துளையில் உள்ள மேட்டோடு பொருந்தும் பக்கமாக வைத்து, 'க்ளிக்' என்று கொக்கிகள் தாமாக மூடும்வரை அழுத்துங்கள். இரண்டு தகடுகள் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தும் பழுதானதைக் கண்டுபிடிக்கலாம்.

பற்றரி என்பது ஒரு ரூபா நாணயம்போல் மதர்போட்டில் படுத்திருக்கும் வெள்ளிநிற வட்டம். அதன் மேல் சி.ஆர். 2032 என்று இருக்கும். 20 மில்லிமீற்றர் அகலம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு என்பதையே அந்த எண் சொல்கிறது. 3 வோல்ட். கணனி அணைந்திருக்கும்போது மணிக்கூட்டையும் அமைப்புகளையும் ஞாபகம் வைத்திருப்பது இதன் வேலை. இது இறங்கிவிட்டால் ஒவ்வொரு நாளும் எஃப் 1 விசையை அழுத்தச் சொல்லும். திகதி பல வருடம் பின்னால் போய்விடும். திகதி பிழையானால் இணையத் தளங்களும் 'பாதுகாப்பில்லை' என்று சொல்லித் திறக்க மறுக்கும். இணைப்பில் கோளாறு என்று தொலைபேசி நிறுவனத்தோடு சண்டை பிடித்தவர்கள் உண்டு!

தாய்மாரே, ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கழற்றிய பழைய பற்றரியை மேசையில் விடாதீர்கள். சிறு பிள்ளை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக் குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, காத்திராமல் வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

விசைப்பலகையில் தேநீர் கொட்டினால் கழற்றிக் கவிழ்த்து, நிழலில் இரண்டு நாள் காய விடுங்கள். அடியில் உருண்டை உள்ள பழைய மவுஸ் தடுக்கினால், மூடியைத் திருகி உருண்டையை எடுத்து, உள்ளே சின்ன உருளைகளில் சுற்றிய அழுக்கை ஈர்க்கு நுனியால் சுரண்டி எடுங்கள். வேறொன்றும் இல்லை.

இடியும் இருட்டும்

2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். திடீரென மின்சாரம் நிற்பதைவிட, திடீரென வருவதும் கணனிக்குக் கெடுதி. முடிந்தால் யூ.பி.எஸ். ஒன்று வையுங்கள். அது மணிக்கணக்காக ஓட அல்ல, ஐந்து பத்து நிமிடத்தில் வேலையைச் சேமித்து ஒழுங்காக அணைப்பதற்கு. அதன் பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் இறங்கிவிடும், அதை மட்டும் மாற்றலாம். லேசர் பிரின்டரை அதில் பூட்ட வேண்டாம், தாங்காது.

மார்ச், ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மின்னல் நமக்குப் பழக்கமானதுதான். அப்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே கழற்ற வேண்டும். தொலைபேசி வயரையும் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாலும் வரும்.

கடைக்குக் கொடுக்கும் முன்

இது கொஞ்சம் கூச்சத்துக்குரிய விடயம், ஆனாலும் சொல்லியாக வேண்டும். கணனிக்குள் ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டு ஒன்று இருக்கிறது. நீங்கள் சேமித்த படங்கள் எல்லாம் அதில்தான். மகளின் கல்யாண வீடு, பெண்கள் மட்டும் கூடியிருந்த வைபவம், பிள்ளைப்பேற்றின் பின் எடுத்த படம்... இவற்றோடு பெட்டியை அப்படியே முன்பின் தெரியாத கடையில் விட்டு வருகிறோமே! நானும் அன்று அப்படித்தான் மூன்று நாள் விட்டிருந்தேன். யோசிக்க வயிறு கலங்குகிறது. நான்கு ஸ்க்ரூ, இரண்டு வயர். வன்தட்டைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டுப் பெட்டியைக் கொடுங்கள். மதர்போட்டையோ மின் வழங்கியையோ பரிசோதிக்கக் கடைக்காரரிடம் வேறு வன்தட்டு இருக்கும்.

வன்தட்டிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வரத் தொடங்கினால் அன்றைக்கே முக்கியமானவற்றைப் பிரதி எடுங்கள். 'நாளைக்கு' என்று தள்ளிப்போட வேண்டாம். கணனி எழவே இல்லாவிட்டாலும், வன்தட்டை யூ.எஸ்.பி. வயரோடு வேறு கணனியில் இணைக்கும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. கணனி போனாலும் அநேகமாகப் படங்கள் போவதில்லை.

பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபரிலும் மைக்ரோசொஃப்டின் பாதுகாப்பு உதவி பொதுவாக நின்றுவிட்டது. ஆகவே எக்ஸ்பி உள்ள கணனியில் வங்கி வேலை வேண்டாம். பிள்ளை தட்டச்சுப் பழக, கணக்குத் தாள் தயாரிக்க, கடிதம் எழுத இணையம் இல்லாமலே அது நன்றாக உழைக்கும். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸின் இலகுவான வகைகளைப் போட்டுக் கொள்வோரும் உண்டு.

பழைய தமிழ்க் கடிதங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறதா? அழிந்துவிட்டது என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள். அது பாமினி எழுத்துருவில் எழுதியது. அந்த எழுத்துருவைப் போட்டதும் தமிழாகிவிடும். யுனிகோட் எழுத்துக்கு மாற்றித் தரும் இலவச மென்பொருட்களும் இருக்கின்றன.

ஸ்கேனரும் அனுமதிப்பத்திரமும்

மை ஊற்றும் பிரின்டர் நமது வெயிலில் மாதக்கணக்கில் சும்மா இருந்தால் வாய் காய்ந்து அடைத்துவிடும். வாரம் ஒரு பக்கமாவது நிறத்தில் அச்சிடுங்கள். மாரியில் கடதாசி ஈரமாகி இரண்டு மூன்றாக இழுபடும். கட்டைப் பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள்.

ஆனால் வன்னி வீட்டுக்குப் பிரின்டரைவிட ஸ்கேனர் முக்கியம் என்பேன். 1990இல் உடுத்த துணியோடு புறப்பட்டவர்கள் நாம். காணி அனுமதிப்பத்திரம் எங்கே, உறுதி எங்கே, பிறப்புச் சான்று எங்கே என்று திரும்பி வந்தபின் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடந்த நடை கொஞ்சமா? 2009இல் முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் அதே கதைதான். அசல் பத்திரத்துக்குப் பிரதி ஈடாகாது என்பது உண்மை. ஆனால் இலக்கமும் திகதியும் கையில் இருந்தால் பதிவகத்தில் தேடி எடுப்பது எவ்வளவோ சுலபம்.

பழைய ஸ்கேனரைப் பூட்டியதும் 'கரகர' என்று பல்லைக் கடித்தால் உடனே அணையுங்கள். கொண்டு திரியும்போது உள்விளக்கு அசையாமல் இருக்க அடியிலோ பக்கத்திலோ ஒரு பூட்டு இருக்கும். சிறிய பூட்டுப் படமே போட்டிருக்கும். அதைத் திறந்துவிட்டால் சரி. கண்ணாடியைப் பருத்தித் துணியால் துடைத்து, 300 புள்ளி அடர்த்தியில் வைத்து, அனுமதிப்பத்திரத்தின் இரு பக்கத்தையும் எடுங்கள். பின்பக்கத்தில்தான் பின்னுரித்துப் பெயர் எழுதியிருக்கும், பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். பிறப்புச் சான்று, விவாகப் பதிவு, பாடசாலை விடுகைப் பத்திரம், மருத்துவ அட்டை என்று ஒவ்வொன்றுக்கும் ஆளின் பெயரையே கோப்பின் பெயராக வையுங்கள். ஒரு பிரதி வன்தட்டில், ஒரு பிரதி யூ.எஸ்.பி.யில், அந்த யூ.எஸ்.பி. வேறு ஊரில்.

எங்கள் வீட்டு யூ.எஸ்.பி. இப்போது புத்தளத்தில் ராத்தா வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அவருடையது எங்களிடம்.